சேலையின் இன்னொரு முனை

எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது வீட்டில் எல்லோரும் அதைக் கழுத்துச் சுளுக்கு என்றுதான் நினைத்தார்கள். தலையணை சரியில்லை என்றார் வீட்டுக்காரர். நானும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, நடுநடுவே வாந்தி எடுத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று ரசம் வைத்தேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்! ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இடது காது செத்துப்போயிருந்தது. உயிர் மிஞ்சியதே சாமி புண்ணியம் என்றார்கள். எனக்கு அப்போது சாமி மேலேயே கோபம்.

காதோடு நிதானமும் போய்விட்டதால் மறுபடி நடக்கப் பழகினேன். கோவை கணபதியில் எங்கள் சந்து முழுக்க லேத் பட்டறைகள். சுவரைப் பிடித்துக்கொண்டே போவேன். இடப்பக்கம் வருகிற வண்டி மேலே இடிக்கிற மாதிரி வந்த பிறகுதான் தெரியும். டவுன் பஸ் ஏறித் தனியாகக் காந்திபுரம் போய்த் திரும்பிய அன்று மைசூர்பா வாங்கிவந்து சந்துக்கே கொடுத்தேன்.

எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு, மூளைக்காய்ச்சல் வராமலிருக்கப் போடுகிற ஊசி உட்பட, தடுப்பூசி போட வரும் நர்ஸ், ஊசி வேண்டாம் என்கிற வீடுகளுக்கு என்னையும் அழைத்துப்போக ஆரம்பித்தார். "நாஞ் சொன்னா யாருங்க்கா கேக்கறாங்க? உங்களப் பாத்தாவது பயப்படுவாங்க, வாங்க" என்பார். சில வீடுகளில் கேட்டார்கள். எதிர்வீட்டுத் தம்பி மட்டும் மசியவே இல்லை. முதல் ஊசிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்ததாம், அத்தோடு நிறுத்திவிட்டான்.

"நல்லா இருக்கற கொழந்தைக்கு ஊசியப் போட்டுக் காச்சல வரவெக்கோணுமுங்களா?"

அந்தப் பாப்பா அம்மா இடுப்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அடுத்த ஊசியைப் பற்றி அவள் அம்மாவிடம் கேட்பேன்.

மழை பிடித்திருந்த ஒரு மதியம் அவன் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"ஏனுங்க்கா, பாப்பாவுக்கு உரம் உழுந்துபோச்சுங்க. கழுத்தத் திருப்பவே மாட்டேங்குறா, தொட்டாலே அழுகறா. சேலைல போட்டு உருட்டோணும். ஒரு முனை புடிக்க வாங்க."

கைக்குழந்தைக்குக் கழுத்துப் பிசகினால் உரம் விழுந்தது என்பார்கள். பழைய சேலையில் படுக்கவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். என் பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறோம். அதனால் நானும் போனேன்.

முனையைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தேன். பாப்பாவின் உடம்பு அனலாகக் கொதித்தது. உச்சிக்குழி குழியாக இல்லை, மேடாகப் புடைத்திருந்தது. தலையை மெல்லத் தூக்கினேன். கழுத்து மடங்காமல் முதுகும் சேர்ந்து வந்தது. ஐயோ!

"இது உரமில்ல அம்மணி. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"ஒருக்கா உருட்டிப் பாத்துட்டுப் போலாமுங்க" என்றான் தம்பி. "உங்களுக்கு வந்ததேதான் எல்லாத்துக்கும் வருமுங்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அறைஞ்சுபோடுவேன்" என்று கத்திவிட்டு, சேலையோடு பாப்பாவை வாரிக்கொண்டு சந்தில் இறங்கினேன். என் காலுக்கு நிதானம் கிடையாது. விழுந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். அவன் பின்னாலேயே ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆட்டோவை மறித்தான்.

மூளைக்காய்ச்சல்தான் என்றார்கள். பாப்பா பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்பிய அன்று நர்ஸ் வந்து பார்த்தார். "காது டெஸ்ட்டுக்கு வரச் சொன்னாங்கல்ல, மறந்துபோடாதீங்க" என்று கிளம்பும்போது இரண்டு தடவை சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

சில நாள் கழித்து நான் போனபோது பாப்பா நடுவீட்டில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் காதோடு இருக்கிற எனக்கே பல் கூசியது.

"பாருங்க்கா, முன்னெல்லாம் மிஷின் ஓடுனாலே மெரண்டு அழுவா" என்றாள் அவள் அம்மா. "இப்ப எப்புடித் தூங்கறா! ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து சமத்தாயிட்டா."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுப்படியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, பாப்பாவின் தலைமாட்டில் தரையில் ஓங்கிப் போட்டேன்.

பாப்பாவின் அம்மா பதறி எழுந்தாள். பாப்பாவின் இமைகூட அசையவில்லை.

"ஏனுங்க்கா, இப்புடியா..." என்று சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். பாப்பாவைப் பார்த்தாள். பிறகு என் இடது காதைப் பார்த்தாள்.