கடலூரில் கிடந்த கல்லறைப் பாதை

சவேரியார்தாங்கல் பெரியநாயகம் மேஸ்திரியைத் தெரியாதவர் வல்லத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எந்தக் கழனியிலும் கிடையாது. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதியில். கோவணம் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் மண் கூடை சுமக்கப் போன பையன், முப்பது வயதுக்குள் சொந்தமாக டிராக்டரும் கம்ப்ரஸரும் வைத்துப் பாறை உடைத்தார். அவர் வெட்டியதும் ஆழப்படுத்தியதுமாக இருநூற்றுப் பதினேழு கிணறு. ஒன்றிலாவது தண்ணீர் பொய்த்தது என்று யாராவது சொன்னால், அவன் மேஸ்திரி காட்டிய இடத்தை விட்டுவிட்டு ஜோசியன் காட்டிய இடத்தில் வெட்டியவனாக இருப்பான்.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஒரே ஓர் ஊர் தோற்கடித்தது. அது கடலூர்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சனம் எந்தக் காகிதத்துக்கும் கடலூருக்குத்தான் போகவேண்டும். கிணற்றில் வெடி வைக்கும் லைசென்சைப் புதுப்பிப்பதற்காக மேஸ்திரி ஏழு நடை நடந்தார். ஏழாவது நடையில் காகிதம் கைக்கு வந்தது, செருப்பு போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கால் காந்துகிறதென்று புதுச் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் விட்டிருந்தார். இறங்கும்போது இல்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வந்தவர், வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோவிலுக்குப் போய் சவேரியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று, இனி இந்த ஜென்மத்தில் கடலூர் மண்ணை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டார்.

மறு வருஷம், தொண்ணூற்று மூன்றில், விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. மேஸ்திரி ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். புனிதர் மேஸ்திரியின் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் ஜில்லாவையே இரண்டாகப் பிரித்துவிட்டார் என்பது அவர் கணக்கு. பங்குச்சாமியார் சிரித்ததற்கு, "சிரிங்க சாமி, ஆனா தேதிய பாருங்க" என்றார்.

கல்லறைத் தோட்டம் ஊருக்குக் கிழக்கே, கோதண்டபாணியின் நிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் கோதண்டபாணியின் வரப்போரமாக ஒரு வண்டிப்பாதை போகும். எண்பதுகளில் நிலக்கணக்கையெல்லாம் புதிதாக எழுதினார்களே, அப்போது எவர் கை தவறியதோ, அந்தப் பாதையும் கோதண்டபாணியின் பட்டாவுக்குள் விழுந்துவிட்டது. பத்து வருஷம் போல யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் கோதண்டபாணி கல் நட்டு முள்கம்பி போட்டார். அளந்து பார்த்தவர்களும், கணக்குப்படி அவர் இடம்தான் என்றார்கள். அவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. தன் பட்டாவில் இருப்பதற்குத்தான் வேலி போட்டார். ஊர்ச் சனம் அன்றிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடும் ஓடையில் இறங்கித்தான் கல்லறைக்குப் போனது. கோடையில் பரவாயில்லை.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகை மழையில் ராயப்பன் செத்தார். முப்பது வருஷம் மேஸ்திரியோடு ஒரே கயிற்றில் கிணற்றுக்குள் இறங்கிய கூட்டாளி. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். முன்பக்கம் தூக்கியவனுக்குச் சேற்றில் கால் வழுக்கியது, பெட்டி சாய்ந்தது, ஒரு மூலை தண்ணீருக்குள் முழுகி எழுந்தது. கரையேற்றிப் பார்த்தால், பெட்டி இடுக்கிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈரத்தோடேதான் அவரைப் புதைத்தார்கள்.

மேஸ்திரியின் மனைவி சூசை மேரி கரையில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு இருதயத்தில் கோளாறு. ஆபரேஷன் தாங்காத உடம்பு, மாத்திரையில் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் போறப்ப என்னை அந்தத் தண்ணியில எறக்காதீங்க. வேற ஒண்ணும் நான் உங்கள கேக்கல."

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஒரு புடவை வேண்டும் என்றுகூட அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. "செஞ்சிர்றேன்" என்றார் மேஸ்திரி. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் கேட்டு மனுப் போட்டால் எந்த ஆபீசும் முப்பது நாளில் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது என்பதை டீக்கடையில் கேட்டிருந்தார். திண்டிவனத்தில் மனு எழுதும் தாண்டவராயனிடம் போய் உட்கார்ந்தார். தாண்டவராயன் பழைய டைப்ரைட்டரில் சொல்லச் சொல்ல அடிப்பார். எதையும் தடுக்க மாட்டார். மேஸ்திரி மண் கூடையில் ஆரம்பித்தார். இருநூற்றுப் பதினேழு கிணற்றையும் சொன்னார். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் ஊற்று கண்டது, எந்தெந்தப் பெரிய மனிதர் தனக்குத் துண்டு போர்த்தினார், எல்லாம் சொன்னார். நாலு பக்கம் முடிந்து, கடைசி வரியில்தான் பாதை வந்தது: 'இப்படிப்பட்ட என் ஊருக்குப் பாதை ஏன் இல்லை?'

இருபத்தொன்பதாவது நாள் விழுப்புரம் கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வந்தது. மனுதாரர் கேட்டிருப்பது தகவல் அல்ல, விளக்கம். விளக்கம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று இரண்டு வரி. இருநூற்றுப் பதினேழு கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேஸ்திரிக்கு மூக்கு சிவந்துவிட்டது. அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

அந்த ஆபீசில் ஒரு மேசையில் வடிவு என்கிற அம்மாள் இருந்தாள். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா சுப்புராயன் கட்டுமரத்தில் போய் மீன் பிடித்துத்தான் அவளைப் படிக்க வைத்தார். இதெல்லாம் மேஸ்திரிக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த அம்மாள் நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பெரியவரே, கெணறு கதையெல்லாம் ரொம்ப நல்லா இருக்குது. ஆனா ஏன், எதுக்குன்னு கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. காகிதத்த கேளுங்க. இன்ன சர்வே நம்பருக்கு உண்டான பழைய நெலப் படத்தோட நகல் குடுங்கன்னு கேளுங்க, அவ்ளோதான்."

"அந்தப் படம் இங்கதானேம்மா இருக்கும்? நம்ம ஜில்லா தனியாயிடுச்சே."

"ஜில்லா வந்துடுச்சு. காகிதமெல்லாம் வந்துடுச்சா? வெள்ளக்காரன் காலத்துப் படமெல்லாம் இன்னும் கடலூர்லதான் கெடக்குது. எங்கப்பா சொல்லுவாரு, மீன் இல்லாத எடத்துல எத்தினி பெரிய வல போட்டாலும் தண்ணிதான் வரும்னு."

கடலூர் என்றதும் மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்த்து, நீங்கள் போக வேண்டாம், மனுவை இங்கேயே கொடுங்கள், இங்கே இல்லாத காகிதமானால் மனுவை அது இருக்கிற ஆபீசுக்கு அனுப்பவேண்டியது எங்கள் பொறுப்பு, அதுவும் சட்டத்தில் இருக்கிறது என்றாள். கல்லறை நிலத்தின் பழைய சர்வே நம்பரை மட்டும் தேடி எடுத்து வரச் சொன்னாள். அந்த நம்பர் பங்குச்சாமியாரின் தகரப் பெட்டியில், ஒரு பழைய கிஸ்தி வரி ரசீதில் கிடைத்தது. இரண்டாவது மனு மூன்றே வரி. தாண்டவராயனுக்கு ஏமாற்றம்தான்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடலூரிலிருந்து கடிதம் வந்தது. அந்த நம்பருக்கு மூன்று பழைய கட்டுகள் இருக்கின்றன, தாள்கள் நைந்திருக்கின்றன, எந்தத் தாள் என்று அடையாளம் தெரியவில்லை. மனுதாரர் நேரில் வந்து பார்வையிட்டு வேண்டியதைக் காட்டினால் நகல் தரப்படும் என்று எழுதியிருந்தது.

மேஸ்திரி அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தார். சத்தியம் பண்ணியது மனிதரிடம் இல்லையே. யாரையாவது அனுப்பலாமா என்று பார்த்தார். மூன்றாம் நாள் சூசை மேரி அதைப் பார்த்துவிட்டாள். அவளே கோவிலுக்குப் போய், மூச்சு வாங்க வாங்கப் படியேறி, சவேரியாரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

"புனிதர் உத்தரவு குடுத்துட்டாரு. செருப்ப கழட்டி பையில வெச்சிக்கினு போங்க" என்றாள்.

போனார். பதினேழு வருஷத்துக்கு அப்புறம் கடலூர் மண். செருப்பு பையில்தான் இருந்தது. ஆபீசின் ரிக்கார்டு அறைக்குள் வெறுங்காலோடுதான் நுழைந்தார். அங்கே பச்சைமுத்து என்று ஒருவர், ரிட்டயர் ஆக எட்டு மாதம் பாக்கி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டுகளை இறக்கினார். ஒவ்வொரு கட்டிலும் வேப்பிலைச் சருகு. பூச்சி மருந்து வராத வருஷங்களில் தானே வேப்பிலை பறித்து வந்து போட்டதாகச் சொன்னார். செல்லரிக்காமல் அந்தத் தாள்கள் இருந்ததற்கு அந்த ஒரு மனிதரின் கைதான் காரணம். மேஸ்திரி இன்றைக்கும் அதைச் சொல்லாமல் சோறு உண்பதில்லை.

முதல் கட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. எழுத்தெல்லாம் பழைய கூட்டெழுத்து. நம்பர் இருக்கவேண்டிய மூலைகள் பொடிந்து போயிருந்தன. பச்சைமுத்துவே கண்ணைக் கசக்கிக்கொண்டார். மூன்றாவது கட்டில் பாதி போனதும் மேஸ்திரி சடக்கென்று அவர் கையைப் பிடித்தார்.

"இருங்க, இருங்க. இது கோதண்டத்தோட தாத்தா கெணறு."

தாளில் இருந்தது ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். பச்சைமுத்து எப்படித் தெரியும் என்று கேட்டார். வட்டத்துக்குத் தெற்கே வரப்புக் கோடு ஒரு முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அந்த மடிப்பில் பாறை இருக்கிறது. எழுபத்தெட்டில் அந்தக் கிணற்றை ஆழப்படுத்தியபோது அந்தப் பாறையில்தான் மேஸ்திரியின் முதல் வெடி வெடித்தது. படித்தவன் நம்பரைத் தேடுவான். நிலத்தைக் கையால் தோண்டியவனுக்கு நம்பர் எதற்கு? அந்த வட்டத்தை ஒட்டி இரண்டு புள்ளிக்கோடுகள் சேர்ந்தாற்போல் கிழக்கே போய், ஒரு சிலுவைக் குறியில் முடிந்தன. புள்ளிக்கோடு இரண்டு போனால் வண்டிப்பாதை என்றார் பச்சைமுத்து. மேஸ்திரி சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தூசிதான் கண்ணில் விழுந்தது என்று பிற்பாடு சொல்வார்.

முத்திரை போட்ட நகலோடு அவர் முதலில் போனது ஆபீசுக்கு இல்லை, கோதண்டபாணி வீட்டுக்கு. ஜெயித்தவன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு போனால் எதிராளி கோர்ட்டுக்குப் போவான். கிணற்றில் பாறையைக் கூட விரிசல் பார்த்துத்தான் தட்டவேண்டும். கோதண்டபாணி களத்தில் மல்லாட்டைக் கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் அப்பா காலத்தில் பாதை ஏதும் கிடையாது என்றார்.

"கோதண்டம், எழுபத்தெட்டுல உங்க தாத்தா கெணத்த உங்கப்பா ஆழப்படுத்தறப்ப என் கம்ப்ரஸர் வந்துச்சே. எந்த வழியா வந்துச்சு? ஆகாசத்துல பறந்தா வந்துச்சு?"

கோதண்டபாணி ஒரு கை மல்லாட்டையை அள்ளி மேஸ்திரி கையில் வைத்தார்.

"அந்த வண்டி பின்னால ஓடியாந்து நான் உழுந்து எழுந்தேன் மேஸ்திரி. முட்டியில தழும்பு இன்னும் இருக்குது" என்றார். அப்புறம், "ராயப்பன் பொட்டி சாஞ்சத நானும் பார்த்தேன். அன்னிலேருந்து எனக்கும் சோறு எறங்கல. பட்டாவுல இருக்கிறத எப்பிடி விடறதுன்னு தெரியாம கெடந்தேன்" என்றார்.

தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தும் அந்தப் படமும் சேர்ந்து போனதால், விழுப்புரத்தில் விசாரித்துக் கணக்கைத் திருத்தி உத்தரவு வர ஏழு மாதம்தான் ஆயிற்று. முள்கம்பியைக் கோதண்டபாணி தன் ஆளை வைத்துத் தானே சுருட்டினார். மேஸ்திரி தன் டிராக்டரில் கிரவல் மண் அடித்துப் பாதையை மேடாக்கினார்.

இரண்டாயிரத்துப் பத்து, நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஓடையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகப் பாதையில் போனது. சூசை மேரி யார் தோளையும் பிடிக்காமல், நாலு இடத்தில் நின்று நின்று, தன் காலாலேயே நடந்து வந்தாள். கோதண்டபாணி கிணற்றடியில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

ராயப்பன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, மேஸ்திரி பையிலிருந்து இன்னும் மூன்றை எடுத்தார். எதற்கு என்று கேட்டாள் சூசை மேரி. வடிவு அம்மாளுக்கு ஒன்று, பச்சைமுத்து ஐயாவுக்கு ஒன்று, கோதண்டத்துக்கு ஒன்று என்றார்.

"உங்களுக்கு புத்தி இருக்குதா? உயிரோட இருக்கிறவங்களுக்குக் கல்லறையில கொளுத்துவாங்களா? கொண்டாந்து சவேரியார்கிட்ட வையிங்க" என்று பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க ஆரம்பித்தார். அவள் முட்டி போடுவதற்காகச் செருப்பைக் கழற்றினாள். பாதையைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள்.

"பார்த்தீங்களா, நடந்தே வந்துட்டேன். தூக்கிக்கினு வர்றத்துக்கு இனிமே அவசரப்படாதீங்க."

மேஸ்திரி குனிந்து அவள் செருப்பை எடுத்துக்கொண்டார். செபம் முடிகிற வரைக்கும், இருநூற்றுப் பதினேழு கிணறு வெட்டிய அந்தக் கைகளில் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எவனும் கிட்டே வராதபடி பார்த்துக்கொண்டு நின்றார்.