உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

சுருவில் என்ற ஊரின் கரையில் கடல்மட்டம் அளக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதோடு இணைந்த கணினியின் மையநிரலான கேர்னலுக்குள் ஓடி அந்தப் பெட்டியை வாசிக்கும் ட்ரைவர் என்ற நிரலை எழுதியவன் நான். காற்று எழும்பினால் போதும், கணினி அப்படியே உறைந்துவிடும். சைக்கிளே உப்பில் உக்கிப்போகும் ஊரில் யார் வேறு காரணம் தேடுவார்கள்? பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மீன்பிடிக்கார அண்ணை அதைத் துடைத்துத் துடைத்தே களைத்துப்போனார்.

போன கிழமை ட்ரைவரைச் சும்மா ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். எத்தனை பைட் வாசிப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற இரண்டும் அதில் வெறும் எண்களாகவே கிடந்தன. இரண்டுக்கும் தனித்தனி வகை கொடுத்தேன். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் இனி நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் விடாது.

கொடுத்த கையோடு சிவப்பில் ஒரு பிழைச்செய்தி! அது காட்டியது, காற்றில் பெட்டி ஆடி, முதல் வாசிப்புத் தவறினால் மட்டும் ஓடும் ஒரு வரியை. அங்கே இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். ஆயிரம் மில்லிசெக்கன் காத்திருக்கவேண்டிய ட்ரைவர், சில பைட்டுக்கான இடத்தில் ஆயிரம் பைட் வாசித்துக் கேர்னலின் நினைவகத்தையே மிதித்துக்கொண்டு போய்க் கணினியை உறையவைத்திருக்கிறது. கதிரையைத் தள்ளிவிட்டுத் துள்ளி எழும்பினேன். இத்தனை காலம் ஒளித்திருந்த கள்ளன் தானாக வந்து மாட்டிவிட்டான்!

கரைக்கு ஓடினேன். அண்ணை பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பெட்டியில ஒண்டுமில்லை! பிழை என்ர!"

"அதுக்கோ இப்பிடித் துள்ளுறீர்?"

"ஓம்!"

ஈரத் துணியை என் தோளில் போட்டார். "அப்ப மிச்சத்தை நீர் துடையும்."