யோசனைக்காரியின் கழுத்து

அந்த ஒயின் ஆலையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். யோசனைக்காரி என்று கேட்டால் வாசல் காவலாளிகூட ஆய்வுக்கூடத்தின் பக்கம் கையைக் காட்டிவிடுவார். நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து, இடது கையை மோவாய்க்கு முட்டுக் கொடுத்தபடி, உலகத்துப் பிரச்சினையை எல்லாம் ஒருத்தியே தீர்த்துவைக்கப் போகிறவள் மாதிரி இருப்பாள். அதைப் பார்த்துத்தான் பீப்பாய் கழுவுகிறவர்கள் அந்தப் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். உண்மையில் அவள் யோசனை எல்லாம் ஒன்றே ஒன்றுதான். கையை எடுத்தால் தலை தொங்கிவிடுமே!

அவள் வேலை ஈஸ்ட் பார்ப்பது. திராட்சைச் சாற்றை ஒயினாக்குவது மனிதர்கள் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன்கள்தான். மனிதர்கள் அவற்றுக்கு எடுபிடி. தொட்டி தொட்டியாக ஏணியில் ஏறிச் சாறு எடுத்து வந்து, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் வைப்பாள். செத்தவை நீலமாகிவிடும், உயிரோடு இருப்பவை நிறமில்லாமல் தெரியும். உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் படுத்துக் கிடப்பவையும் உண்டு. அவற்றைத் தட்டி எழுப்பக் கொஞ்சம் சத்தைக் கரைத்து ஊற்றுவார்கள்.

ஆலையின் தலைமை ஒயின்காரருக்கு மூக்கர் என்று பெயர். மூக்கால் பிழைக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அந்த மூக்கருக்கு ஒரு ஜென்மப் பகை இருந்தது. வெள்ளை ஒயினைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கடை வெளிச்சத்தில் வைத்தால், சில நாளில் அது வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி நாற ஆரம்பித்துவிடும். காரணம், ஈஸ்ட் விட்டுப்போகும் ஒரு மஞ்சள் சத்து. ரைபோஃபிளேவின் என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. மூக்கர் அதைச் சனியன் என்றுதான் சொல்வார். எந்த ஈஸ்ட் அந்தச் சனியனைக் குறைவாக விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு யோசனைக்காரியுடையது. வருஷக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கழுத்து விஷயத்தில் பழி முழுவதும் நுண்ணோக்கியின் தலையில் விழுந்தது. அதையே குனிந்து பார்க்கிற யாருக்குத்தான் கழுத்து வலிக்காது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற அவள் கணவர், கருவி என்றால் கை வைக்காமல் இருக்க மாட்டார். ஆலைக்கே வந்து நாற்காலியை உயர்த்தினார், தாழ்த்தினார், நுண்ணோக்கிக்கு அடியில் பலகை வைத்தார், எடுத்தார். அவளும் ஒவ்வொரு முறையும் "இப்ப பரவாயில்லைங்க" என்று மனசறிந்து பொய் சொன்னாள்.

பொய் சொல்லக் காரணம் அவளுடைய அண்ணன். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். அவருக்கும் முதலில் கழுத்துதான் தளர்ந்தது. அப்புறம் படி ஏற முடியவில்லை, அப்புறம் ஸ்டியரிங் பிடிக்கத் தெம்பில்லை. இப்போது சக்கர நாற்காலியில், மோவாய் மார்பில் பதிய உட்கார்ந்திருக்கிறார். ஆரம்பத்தில் பார்த்த மருத்துவர், தசை நலிந்து போகிற வியாதிகள் பல உண்டு, தொடையில் ஒரு சின்னத் துண்டு தசை எடுத்துப் பார்த்தால்தான் இது எது என்று சொல்ல முடியும் என்றாராம். மருந்து இருக்கா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்று அவரும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "மருந்தில்லாத வியாதிக்குப் பேர் எதுக்கு? பேர் வெச்சுக் கொஞ்சவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவர்தான். அதற்குப் பிறகு எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்கவில்லை.

அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்துபோனது. தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயத்தில் வாயைக் கட்டிக்கொண்டாள். தலை வாரக் கை தூக்க முடியாதபோது முடியை வெட்டிக்கொண்டாள். "ஃபேஷனாக்கும்" என்று கணவர் கிண்டல் பண்ண, "ஆமாம், உங்களுக்கு மட்டும்தான் வயசு குறையணுமா?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அறுவடைக் காலம் வந்தது. அந்தச் சமயத்தில் ஆலையில் சோறு தண்ணி எல்லாம் இரண்டாம் பட்சம். காலையில் எதையோ கொறித்துவிட்டு அவள் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கினாள். ஒரு மத்தியானம் பாதி ஏணியில் கால் நின்றுவிட்டது. மேலேயும் போக மாட்டேன் என்கிறது, கீழேயும் வர மாட்டேன் என்கிறது. தலை வேறு தொங்கிப்போய் நெற்றி தொட்டியின் இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"அங்க தொங்கிக்கிட்டு என்ன யோசனை?" என்று கீழே இருந்து மூக்கர் கத்தினார்.

"சார், கால் வரல."

குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை ஓடிவரச் செய்தது. பீப்பாய்க்காரர்கள் மூட்டையை இறக்குவதுபோல அவளைக் கீழே இறக்கினார்கள். கணவர் வந்து சேர்ந்தபோது அவளுக்கு மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாங்க."

"நான் பலகை மேல பலகையா அடுக்கிட்டு இருந்தேனே, அப்பவும் உனக்குத் தெரியுமா?"

அவள் தலையாட்டக்கூட முடியாமல் அழுதாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நேராகத் தசை வியாதிகளையே ஆராய்கிற ஒரு மருத்துவமனைக்கு வண்டியை விட்டார்.

அங்கே இருந்த டாக்டரம்மா கையை அமுக்கினார், காலை அமுக்கினார், கழுத்தைத் தூக்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார். அண்ணன் தர மறுத்த அந்தச் சின்னத் துண்டை இவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். முடிவு வரும்வரை அவளுக்கு ஒரே வேண்டுதல்: அண்ணனுக்கு வந்தது எனக்கு வந்திருக்கக் கூடாது. வேண்டிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அண்ணனைத் தனியே விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவர்களை நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவளுடைய பழகிய கை, கேட்காமலேயே குமிழைத் திருகிக் காட்சியைத் தெளிவாக்கிக்கொண்டது. தன் தசையைத் தானே பார்த்தாள். இழை இழையாக இருந்த சதைக்குள் சிவப்புச் சிவப்பாக முத்துகள்.

"சாயம் ஏறிச் சிவப்பா தெரியறதெல்லாம் கொழுப்பு" என்றார் டாக்டரம்மா.

"இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்லிட்டிருக்கேன் டாக்டர், யாரு கேட்டாங்க?" என்றார் கணவர்.

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். "உடம்பு ஓடறதுக்கு ரெண்டு எரிபொருள். ஒண்ணு சர்க்கரை, இன்னொண்ணு சேத்து வச்ச கொழுப்பு. உங்க தசையால கொழுப்பை எரிக்க முடியல, அதனால அப்படியே தேங்கிக் கிடக்கு. எரிக்கிற இடத்துல ஒரு புரதம் பிறவியிலேயே கொஞ்சம் கோணல். அதனாலதான் பட்டினி கிடந்தப்ப இன்னும் மோசமாச்சு."

"மருந்து?" என்றாள். அண்ணன் கேட்ட அதே கேள்வி.

"இருக்கு. ஒரு வைட்டமின் மாத்திரைதான். அந்தக் கோணல் புரதத்தை அது முட்டுக் கொடுத்து நிமிர்த்திடும். மத்தவங்களுக்குத் துளி போதும், உங்களுக்கு நிறைய வேணும். ரைபோஃபிளேவின்னு பேரு."

"அந்தச் சனியனா!" என்று அவள் அலறிவிட்டாள்.

டாக்டரம்மா திடுக்கிட்டுப் போனார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த மாத்திரையையே நுண்ணுயிரிகளைப் பெரிய பெரிய தொட்டிகளில் வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள் என்றும் சொன்னார். "அப்ப உன் ஆளுங்கதான்" என்றார் கணவர். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் அந்த அறையிலேயே இறங்கியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"டாக்டர், எங்க அண்ணன்?"

"ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவங்க. இருக்கலாம். ஆனா தசை வியாதி எத்தனையோ இருக்கு. பார்க்காம நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அந்த நிமிஷம் அவள் வேண்டுதல் தலைகீழாகப் புரண்டது. இத்தனை நாள் அதுவாக இருக்கக் கூடாது என்று வேண்டியவள், இப்போது அதுவாகவே இருக்க வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தாள். அவருடையது வேறு வியாதியாக இருந்துவிட்டால், தான் மட்டும் எழுந்து நடந்து அவர் முன்னால் போய் எப்படி நிற்பது?

அண்ணனிடம் மருந்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆசை காட்டி ஏமாற்றுவதுபோல ஆகிவிடக் கூடாதே! கையை மோவாய்க்கு வைத்தபடியே, கணவரோடு போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். அண்ணி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்கும் கழுத்து விழுந்துடுச்சு."

"என்னோட போகட்டும்னுதானே இருந்தேன்" என்றார் அண்ணன், குனிந்த தலையோடு.

"உன் ரத்தம் கேக்கறாங்க. என்னோடதோட ஒப்பிட்டுப் பார்க்கணுமாம்." கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

"இதைக் கேக்கவா இவ்வளவு இழுவை, கழுதை? எவ்வளவு வேணுமோ எடுத்துக்கச் சொல்லு" என்றார் அண்ணன். தனக்காக ஒரு துண்டு சதை கொடுக்க மறுத்தவர், தங்கைக்கு என்றதும் கையை நீட்டிவிட்டார்.

இதற்கிடையில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒருநாள் நுண்ணோக்கியில் ஈஸ்ட் எண்ணிக்கொண்டிருந்தவள், தன் இடது கை மேஜை மேல் சும்மா கிடப்பதைக் கவனித்தாள். தலை அதன் பாட்டுக்குத் தோளின் மேல் நின்றுகொண்டிருந்தது. மூக்கர் வந்து பார்த்துவிட்டு, "நான் இத்தனை வருஷமா விரட்டினதை எல்லாம் நீ முழுங்கிட்டிருக்கியா?" என்று பொய்க்கோபம் காட்டினார். பீப்பாய்க்காரர்களுக்குத்தான் வருத்தம், பட்டப்பெயர் வீணாகிவிட்டதே என்று.

டாக்டரம்மாவின் தொலைபேசி அழைப்பும் அந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போதுதான் வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான்" என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மூக்கர் பதறி ஓடிவந்து, "எந்தத் தொட்டி போச்சு?" என்றார்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அன்னைக்கே அந்தத் துண்டைக் குடுத்திருந்தா?"

அண்ணி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். கோபம் யார் மேல் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "எனக்கு நானே வெச்சுக்கிட்ட ஆப்பு" என்று அவரே சொல்லிவிட்டு, "குடு அந்தச் சனியனை" என்று வாயைத் திறந்தார்.

மறுநாளே அவளுக்குத் தொலைபேசி. "ஏ, ஒண்ணுக்கு மஞ்சளா பளபளன்னு போகுது, சாகப் போறேனா?" என்று கேட்டார். அது அப்படித்தான் போகும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பல வருஷம் வீணான தசை முழுவதும் திரும்பாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வாரங்கள் போயின. கை கொஞ்சம் தேறியது, குரலில் தெம்பு வந்தது, மோவாய் மட்டும் மார்பை விட்டு அசையவில்லை. அண்ணி எதையும் கேட்கவில்லை, மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தாள்.

ஒரு விடுமுறை நாளில் அவள் அங்கே போயிருந்தாள். அண்ணி துணி வெட்டிக்கொண்டிருந்தாள், இவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அண்ணன் அதட்டினார்.

"என்ன வீடு இது? ஒட்டடையே அடிக்கிறதில்லையா? மூலையில எவ்வளவு தொங்குது!"

"எந்த மூலை?" என்று அண்ணி சண்டைக்குத் தயாராகக் கேட்டாள்.

"ஜன்னலுக்கு மேல, கூரையில."

இரண்டு பெண்களும் கூரையைப் பார்த்தார்கள். ஒட்டடை இருந்தது, நன்றாகவே இருந்தது. பிறகு இருவரும் மெல்ல அவர் பக்கம் திரும்பினார்கள். மோவாய் மார்பில் இல்லை. தலை லேசாக ஆடியபடி, ஆனால் நிமிர்ந்து, கூரை மூலையை முறைத்துக்கொண்டிருந்தது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

யோசனைக்காரி எழுந்து ஒட்டடைக் கம்பை எடுக்கப் போனாள். அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, குரலில் மட்டும் சண்டை குறையவில்லை.

"அடிக்க மாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். நாளைக்கும் நிமிர்ந்து பார்த்துட்டுத் திட்டுங்க."