நாற்பத்தொரு மறுப்புகள்

காலை ஒன்பது பத்து, நாற்பத்தொரு மறுப்புகள், ரஹ்மத் அக்காவின் போன். சர்வருக்குக் காவல் விதி எழுதுவது என் தொழில். எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று எழுதி வைப்போம். எழுதாததை சர்வர் மறுத்து, பட்டியலில் குறித்துவைக்கும். காவல் ஒழுங்காக வேலை செய்தால் யாருக்கும் பிடிக்காது. இதில் அடிபட்டவர்களுக்குத் தெரியும்.

இருட்டுத் திரை

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை. ரஹ்மத் அக்கா அங்கே ஸ்கேன் பிரிவுக்குப் பொறுப்பு. மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெண்ணை சிங்கம்புணரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்தது ஊரின் மறுகோடியில் உள்ள கிளையில். படம் சர்வர் வழியாக ஆபரேஷன் தியேட்டர் திரைக்கு வர வேண்டும். வரவில்லை. செல்போனில் பிடித்து அனுப்பிய படத்தை நம்பி மண்டையைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார் டாக்டர். போனில் அக்கா கொதித்தார்.

"உங்க காவலு கள்ளன விட்டுட்டு டாக்டரப் பிடிச்சு வச்சிருக்கு தம்பி. வாரீகளா, நானே வயரப் பிடுங்கவா?"

பழைய முத்திரை

முந்தின நாள் டிஸ்க் நிறைந்துவிட்டது. என் கூட்டாளி சொக்கலிங்கம், படங்கள் இருந்த போல்டரை முதலில் தன் சொந்த இடத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்து புது டிஸ்க்குக்கு நகர்த்தியிருந்தார். ஒவ்வொரு கோப்பும் எந்த வகை, யார் தொடலாம் என்று சர்வர் அதன் மேல் ஒரு முத்திரை வைத்திருக்கும். நகலெடுத்தால் போகும் இடத்தின் முத்திரை விழும். நகர்த்தினால் பழைய முத்திரையே கூட வரும். ஆக, நோயாளிகளின் படங்கள் எல்லாம் சொக்கலிங்கத்தின் சொந்தச் சொத்து என்று சர்வர் நினைத்துக்கொண்டது. புதிதாக வந்த அந்தப் பெண்ணின் படத்துக்கும் அதே முத்திரை; படம் காட்டும் புரோகிராமை அதைத் தொட விடவில்லை. சொக்கலிங்கம் அவசரப்பட்டார்.

"பங்காளி, காவல மொத்தமா அணைச்சிருவோம். அந்தம்மா பிழைச்சு எந்திரிச்சப்புறம் போட்டுக்கிருவோம்."

கடைசி வரி

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. மறுப்புகளை மொத்தமாக அள்ளி அனுமதியாக மாற்றும் கட்டளை. சொக்கலிங்கம் அதைத் தட்டச்சு செய்து, என்டர் மேல் விரலை வைத்திருந்தார். நான் பட்டியலை மேலிருந்து படித்தேன். நாற்பது வரிகள் அந்தப் படங்களைப் பற்றியவை. நாற்பத்தொன்றாவதில், படம் காட்டும் புரோகிராம் ஊழியர்களின் பாஸ்வேர்டு கோப்பைத் திறக்கப் பார்த்திருந்தது. அதற்கு அங்கே என்ன வேலை? என்டரைத் தட்டினால் அதற்கும் அனுமதி கிடைத்துவிடும்.

அவர் விரலைத் தட்டிவிட்டு, போல்டருக்கு மட்டும் சரியான முத்திரையைப் போட்டேன். நான்கு நிமிடம் ஓடியது. அதற்குள் அக்கா மூன்று முறை கூப்பிட்டார். நான்காவது முறை எடுத்தேன்.

"படம் வந்துருச்சு, டாக்டர் கைய கழுவிட்டு ஆபரேஷனுக்கு உள்ள போயிட்டாரு. இத மொதல்லயே செஞ்சா என்னவாம்?"

படம் காட்டும் புரோகிராமுக்குள் வெளியாள் ஒருவன் புகுந்திருந்தான். அன்று மாலையே அந்தப் புரோகிராமைக் கழற்றி எறிந்தோம். அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி அந்தப் பெண் தன் காலால் நடந்து வந்து தையல் பிரித்துக்கொண்டு போனார். சர்வர் அன்று பதினாறு முறை மறுத்தது, பதினாறும் மறுக்க வேண்டியவைதான்; யாரும் எனக்குப் போன் செய்யவில்லை.