சுக்கு அறையின் டீச்சர்

செய்தி வந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள்: நான், ஆயா பேச்சியம்மாள், பாயில் படுத்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த அவள் தோழி. வேறு யாரும் இல்லை. அந்தப் பெண்களின் பெயரை எழுத மாட்டேன். அந்த அறைக்கு வரும் பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது சவரியம்மாள் டீச்சர் வைத்த முறை. அவர் போன பிறகு அதை மீறுகிற முதல் ஆளாக நான் இருக்கக்கூடாது.

வாசலில் வந்து நின்றவர் டீச்சரின் தம்பி மனைவி. கொடைரோட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர், தலைமையாசிரியையிடம்கூடப் போகாமல் நேரே எங்களிடம் வந்துவிட்டார். "எங்க மதினி போயிட்டாகம்மா" என்று உரக்க அழத் தொடங்கியவரை ஆயாதான் கையமர்த்தினாள். "செத்த மெதுவா அழும்மா. புள்ள வயித்து வலியில படுத்திருக்கு" என்றாள். சொன்னவளே வெளியில் ஓடி, புளியமரத்தடியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

நம் தாய்மார் சங்கத்துச் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். பழையவர்களுக்கு டீச்சரைத் தெரியும். புதிதாகப் பெண்ணைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு அந்த அறை எப்படி வந்தது என்று தெரிய நியாயமில்லை. அடக்கம் முடிந்து கொடைரோட்டிலிருந்து திரும்பும்போது தலைமையாசிரியை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனிமே யாரும்மா அந்த ரூமைப் பாத்துக்குவாங்க? ஆள் இல்லேன்னா ஜூன்ல அதுல பெஞ்சை அடுக்க வேண்டியதுதான். புது செக்‌ஷன் வருது, எனக்கும் இடமில்ல" என்றார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவரும் அழுதுகொண்டுதான் கேட்டார்.

சவரியம்மாள் டீச்சர் நம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் டிரில் டீச்சர். மைதானத்தில் அவர் "ஏலே, முழங்காலை மடக்காதே!" என்று சத்தம் போட்டால் ரோட்டில் போகிற வண்டிக்காரன் முழங்காலை நீட்டிக்கொள்வான் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அதே குரல் அந்த அறைக்குள் வந்தால் பூனை நடக்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன என்று நம்ப எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

எனக்கு அவரைத் தெரியவந்தது என் மகள் காமாட்சியின் சடங்கு வீட்டில். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். பெரியவளான பிறகு எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிற வழக்கமில்லை. என் வீட்டுக்காரர் வெங்காய மண்டியிலிருந்து வந்து, "படிச்சது போதும், நிறுத்தியாச்சுன்னு சொல்லி அனுப்பிடு" என்றார். நானும் சொல்லி அனுப்பிவிட்டேன். காமாட்சி தன் புத்தகங்களையெல்லாம் ஒரு பழைய வேட்டியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள், அவ்வளவுதான்.

சடங்கன்று சீர்த்தட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. யாரும் அழைக்காமல் டீச்சரும் ஒரு தட்டோடு வந்தார். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, அவற்றின் மேல் மடித்த நீலத் தாவணி, வெள்ளை ரவிக்கை. நான் வழக்கப்படி தட்டை வாங்கி வைத்து, சந்தனம் கொடுத்தேன். சந்தனம் பூசிக்கொண்டார், பூவும் வைத்துக்கொண்டார். என் ஓரகத்திதான் முதலில் கவனித்தாள்.

"ஏன் டீச்சர், இது பள்ளிக்கூடத்துத் தாவணி மாதிரியில்ல இருக்கு?"

"மாதிரி இல்லம்மா. அதேதான்."

என் வீட்டுக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "புள்ளைய நிறுத்தியாச்சே, இது எதுக்கு?" என்றார்.

"சீர்னு கொண்டாந்தேன்ணே. வேணாம்னா தட்டைத் திருப்பிக் கொடுங்க, வாங்கிட்டுப் போறேன்" என்றார் டீச்சர். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

நல்ல நாளில் வாங்கி வைத்த சீர்த்தட்டை யார் திருப்புவார்கள்? சித்தையன்கோட்டையிலிருந்து தாய்மாமன் சீரோடு வந்திருந்த என் தம்பிதான் வாய்விட்டுச் சிரித்தான். "மச்சான், வாங்குன சீரைத் திருப்புற வீடா இது? அப்படின்னா என் பட்டையும் இப்பவே திருப்பிருங்க. மாட்டு வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது!" என்றான். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர், "சரி, சீருக்கு மரியாதை. ஒரு நாள் கட்டிக்கிட்டுப் போயிட்டு வரட்டும்" என்றார்.

"ஒரு நாள் போதும்ணே" என்று டீச்சர் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு நாள் என்று சொன்ன என் வீட்டுக்காரர், அது எந்த நாள் என்று சொல்லவில்லை. காமாட்சி அதைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பரீட்சைப்பா, இன்னொரு நாள்" என்றாள். "கொடியேத்தம்ப்பா" என்றாள். ஆனால் ஒரு மாதம் கழித்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அங்க போயி வயித்து வலின்னு சுருண்டுக்கிட்டா யாரு பாப்பா? ஆம்பள வாத்தியாருக முன்னாடி எந்திரிச்சு என்னன்னு சொல்லுவா?" நம் ஊரில் பல பெண்களின் படிப்பு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றுபோயிருக்கிறது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர், "நீங்களே வந்து பாத்துக்கங்க, காமாட்சி அம்மா" என்றார்.

பந்தும் கயிறும் போட்டு வைத்திருந்த அறையை அன்று மாலையே காலி செய்தோம். பாய் விரித்தோம். சன்னலுக்குத் திரை கட்டினோம். பழைய பருத்தித் துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து மடித்தோம். மூலையில் ஓர் அடுப்பு. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்ட தண்ணீர் அதில் எப்போதும் கொதிக்கும். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு சொல் கிடைத்தது. வகுப்பில் எழுந்து "சுக்கு, டீச்சர்" என்றால் போதும், போகலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. இதை எல்லா ஆசிரியர்களிடமும் டீச்சர் சொல்லி வைத்தார்.

கணக்கு வாத்தியார் மட்டும் ஒரு நாள் சந்தைப் பையோடு அறை வாசலுக்கு வந்தார். உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டீச்சர், நம்ம புள்ளைகளுக்கு இம்புட்டு அசீரணமா? வீட்டுல என்னதான் வெஞ்சனம் பண்ணிப் போடுறாகளோ தெரியல. இந்தாங்க, கன்னிவாடிச் சந்தையில நல்ல சுக்காப் பாத்து வாங்கியாந்தேன்" என்று பையை வாசலில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். நாங்கள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "பாவம், ஒண்ணும் தெரியல" என்றேன் நான். டீச்சர், "நாலு பொம்பளப் புள்ள பெத்த மனுசனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி செய்யிறாரும்மா. அது பெரிய குணம்" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் சுக்குக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

சாமி கும்பிடுகிற வீடுகளில் உள்ள சகோதரிகளுக்கு ஒரு தயக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது. வீட்டுக்குத் தூரமான பிள்ளைகளைத் தொட்டுவிட்டு வந்து விளக்கேற்றலாமா என்று. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். ஒரு வெள்ளியன்று ஆயா வரவில்லை. காலைக் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. தலைக்குக் குளித்து, திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே போனேன். அவளைத் தூக்கி மடியில் வைத்தபோது அவள் கண்ணைத் திறந்து சொன்னாள்: "தொடாதீகம்மா. நீங்க பூசைக்குக் குளிச்சிருக்கீக." எழுந்திருக்கத் தெம்பில்லாத பிள்ளை, எனக்காக நகர்ந்து படுக்கப் பார்த்தது.

என் மாரியம்மன் அந்தக் குரலில் என்னிடம் பேசினாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து மறுபடி குளித்து விளக்கேற்றினேன். அதற்குப் பிறகு எந்தக் கிழமைக்கும் விலக்கு வைக்கவில்லை. என் பூசையும் ஒரு நாள் நின்றதில்லை.

வயிற்று வலி மட்டுமே அந்த அறையின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பூக்காட்டு ஊரிலிருந்து வந்த ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் "சுக்கு" என்று வருவாள். ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "இவளுக்கு மட்டும் மாசத்துல எத்தனை தரம்?" என்று முணுமுணுத்தாள். "நீ என்ன பேச்சி, பஞ்சாங்கமா? மொதல்ல பாயை விரி. கேக்கறதை அப்புறம் கேக்கலாம்" என்றார் டீச்சர். அந்தப் பெண் படுத்த உடனே தூங்கிவிடுவாள். பல நாள் கழித்து அவளாகவே சொன்னாள்: விடிவதற்கு முன்னாலேயே மல்லிகை பறிக்கப் போகவேண்டும், பறித்துக் கட்டிப் பூக்காரரிடம் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு பஸ் ஏறவேண்டும், வகுப்பில் கண் சொக்குகிறது, தூங்கி அடி வாங்க வெட்கமாயிருக்கிறது.

டீச்சர் அவள் வீட்டுக்குப் போய் யாரையும் திட்டவில்லை. பூ பறிக்காவிட்டால் அந்த வீட்டில் உலை ஏறாது என்று அவருக்குத் தெரியும். டிரில் நேரம் முழுவதும் அவள் இங்கே வந்து தூங்கலாம் என்று சொன்னார். "ஓடுறதும் டிரில்தான், ஒறங்குறதும் டிரில்தான். ஒடம்புக்கு எது வேணுமோ அதைச் செய்யி" என்றார். அந்தப் பெண் நர்ஸ் படிப்பு முடித்து இப்போது மதுரையில் வேலையில் இருக்கிறாள். அடக்கத்துக்கு வந்திருந்தாள். டீச்சருக்குப் போட்ட மல்லிகை மாலை அவள் கொண்டுவந்ததுதான்.

பள்ளி இறுதிப் பரீட்சையில் காமாட்சிக்கு முதல் தடவை கணக்கில் போய்விட்டது. அழுதாள், மறுபடி எழுதினாள், தேறினாள். ஆசிரியைப் பயிற்சி முடித்து, கன்னிவாடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். என் வீட்டுக்காரர் இப்போது மண்டியில் யார் வந்தாலும் "எம் பொண்ணு டீச்சரு" என்று ஆரம்பித்துவிடுகிறார். சீர்த்தட்டு விஷயத்தை யாராவது எடுத்தால், தாம்தான் பெரிய மனது வைத்து அனுப்பியதாகச் சொல்கிறார். சவரியம்மாள் டீச்சர் அதைக் கேட்டு, "ஆமாண்ணே, உங்களாலதான்" என்று தலையாட்டுவார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று யோசித்துப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள். எழுத்துக் கூட்டித் தானாகப் படித்தவள். தெரியாததைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால் எதையும் துருவிக் கேட்பது என் சுபாவம். இன்று மருமகள் முகம் வாடி வந்து நின்றால் "என்னாச்சு, யார் என்ன சொன்னாங்க" என்று நான் பிடித்துக்கொள்வதில்லை. பாயை விரிக்கிறேன். குடிக்க ஏதாவது கொடுக்கிறேன். அவளாகச் சொன்னால் கேட்கிறேன். என் வீட்டில் சண்டை குறைந்ததற்கு இதுதான் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அறைக்கு வேண்டிய விறகு, கருப்பட்டி, துணி எல்லாம் சங்கத்துக் கணக்கில் நடக்கின்றன. கணக்கு எழுதுவது நான்தான், அதனால் செலவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். வேண்டியது ஆள். டீச்சர் இல்லாமல் எல்லா நாளும் என் ஒருத்தியால் முடியாது. ஒரு கிழமையை நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றக் கிழமைகளுக்கு நான்கு பேர் வேண்டும். காலையில் சமைத்து வைத்துவிட்டு வந்தால் போதும், சாயங்காலம் பிள்ளைகளோடு திரும்பிவிடலாம். படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எட்டாம் வகுப்பில் எத்தனை பெண்கள் திரும்பி வரப்போகிறார்கள் என்பது இதைப் பொறுத்திருக்கிறது. வருவதாக இருந்தால் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். தலைமையாசிரியை என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.