காத்துக் கருப்பை அளந்த மாதம்

நான் வேலை செய்த தொழிற்சாலையில் காற்றை அளப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. மலேசியாவில், மலாக்காவின் செங் வட்டாரத்தில், கணினிக்குள் போகும் சின்னஞ்சிறு பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை அது. எனக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ‘கிளீன்ரூம்’ என்ற அறைக்குள் போக வேண்டும். ஒரு தூசி விழுந்தால் ஒரு பாகம் வீண். அதனால் அந்தக் கருவி அடிக்கடி கொஞ்சம் காற்றை உறிஞ்சி, அதில் எத்தனை துகள் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். எண் கூடிப்போனால் வேலையையே நிறுத்திவிடுவார்கள். எங்களுக்குத் தலைவலி, மயக்கம் என்றால் நிறுத்தமாட்டார்கள்.

ஜெரெபு வந்த ஆண்டு நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து, அந்தப் புகை வாரக்கணக்கில் மலாக்காவின் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் நாங்கள் மலாய்க்காரர்களைப் போலவே ஜெரெபு என்றோம். செலண்டாரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்பனை மரங்கள் தெரியாது. துணி காயப்போட்டால் புகைநாற்றத்தோடு காய்ந்தது. தொலைக்காட்சியில் தினமும் செய்தி முடிகிற நேரத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கோ ஒரு கட்டடத்தின் கூரைமேல் வைத்த கருவி இழுத்த காற்றின் எண் அது. நான் என்ன கூரைமேலா குடியிருக்கிறேன்? காலையில் ஒரு மணி நேரம் தொழிற்சாலை பஸ்ஸில், பிறகு நாள் முழுக்க கிளீன்ரூமில், மறுபடி ஒரு மணி நேரம் பஸ்ஸில், அப்புறம் வீட்டில் என்று என் நாள் போனது. என் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என் வழியாகப் போகும் காற்று எப்படி இருக்கிறது என்று எந்தச் செய்தியிலும் சொல்லவில்லை.

அது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள் நான். ஐந்தாம் மாதம். அப்போது மலாக்கா டவுனில் ஒரு கடைமாடியில் வாடகை அறையில் இருந்தோம். டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை, சில நேரம் இப்படி ஆகும் என்றார். டாக்டர் சொல்லாததை ஊர் சொன்னது. அன்னாசி தின்றாள், மோட்டார் சைக்கிளில் ஏறினாள், கிரகணத்தன்று வெளியே நின்றாள் என்று என்மேல் பெரிய பட்டியலே இருந்தது. என் கணவர் மட்டும் என்மேல் ஒரு குற்றமும் வைக்கவில்லை. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார். கண்ணுக்குத் தெரியாத கெட்டது எதுவோ காற்றில் வந்து கர்ப்பிணியை அண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது. அந்தப் பழியை ஒரு பேயின்மேல் போட்டதற்காக நான் அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

இந்த முறை காற்றே கருப்பாக வந்து நின்றதில் அவர் அரண்டுபோனார். அவருக்கு ஆயர் குரோவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. கடையிலிருந்து அகலமான டேப் சுருள்கள் வாங்கி வந்து, வீட்டில் இருந்த ஜன்னல் கண்ணாடிகளின் இடுக்குகளை எல்லாம் ஒட்டினார். கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தார். அதோடு விட்டிருந்தால் சண்டை வந்திருக்காது.

“வேலைய விட்டுடு. பேக்டரில ஒரே கெமிக்கல் வாட. பஸ்ல வேற அந்தப் புகையில போயிட்டு வர்ற. வீட்ல இரு, ஒரு பொட்டுக் காத்து உள்ள வராம நான் பாத்துக்கறேன்” என்றார்.

“காத்து வராம எப்படிங்க உயிரோட இருக்கறது?” என்றேன்.

“வெளாடாதலா. நான் சீரியஸா பேசறேன்.”

கிளினிக்கில் மிஸ்ஸியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டிலேயே இரு, ஜன்னலைச் சாத்திக்கொள் என்று மலாயில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. மலாக்கா மாநிலத்திலேயே சுத்தமான காற்று எங்கள் கிளீன்ரூமில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சொல்கிறார்களே என்று கோபம். அந்தக் கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. எங்கே இருந்தால் இந்தப் பிள்ளை தங்கும் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

காற்றளக்கும் கருவிக்குப் பொறுப்பாக ஒரு தமிழர் இருந்தார். வயதில் மூத்தவர். நேராக அவரிடம் போனேன்.

“அண்ணே, இத ஒரு தடவ கேட்டுக்கு வெளிய கொண்டுபோயி வெச்சுப் பாக்கலாமா? அப்புறம் பஸ்ஸுக்குள்ள ஒரு தடவ.”

“வெளியவா? நல்லா கேட்ட போ. இந்தப் புகைய இழுத்துச்சுன்னா உள்ள இருக்கற சென்சார் அவுட்லா. அப்புறம் யாரு பதில் சொல்றது?”

“மெஷினுக்கே ஆவாத காத்து எனக்கு மட்டும் ஆவுமாண்ணே?”

அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு கருவியைப் பார்த்தார். மறுநாள் ஒரு பெட்டி முகமூடி கொண்டுவந்து கொடுத்தார். “பழைய ஸ்டாக்மா. யாரும் கேக்க மாட்டாங்க. பஸ்ல போட்டுக்க” என்றார். கருவியை அவர் கடைசிவரை தரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. முகமூடி என் மூக்குக்கு முன்னால் இருக்கிறது. அதில் தங்கி நிற்பது எல்லாம் எனக்குள் வர இருந்தவை. எண்ணிச் சொல்ல முடியாதுதான், ஆனால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாமே. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

ஒரு வாரம் அளந்தேன். தினமும் மூன்று முகமூடி, ஒவ்வொன்றும் சரியாக இரண்டு மணி நேரம். பஸ்ஸுக்கு ஒன்று, போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி. கிளீன்ரூமில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. வீட்டில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஒன்று. வீட்டுக்குள் முகமூடியோடு சமைப்பதைப் பார்த்து என் கணவருக்குப் பரம திருப்தி, தன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். கழற்றிய முகமூடிகளைப் பாகங்கள் போடும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, நாளையும் இடத்தையும் எழுதி மூடினேன். பஸ் மோசமாக இருக்கும், வீடு நடுவில் இருக்கும், கிளீன்ரூம் பளிச்சென்று இருக்கும் என்று எனக்கு நிச்சயம். பஸ்ஸுக்கு முகமூடி போதும், வேலையை விடமாட்டேன் என்று அவர் வாயை அடைத்துவிடலாம். கெமிக்கல் வாடை முகமூடியில் ஒட்டித் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதை வசதியாக மறந்துவிட்டேன்.

ஐந்து நாள் அளந்தபின், சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு, பாகங்களைச் சோதிக்கும் உருப்பெருக்கி விளக்கின் கீழே எல்லாவற்றையும் பரப்பினேன். நானே பார்த்தால் எனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பேன். அதனால் பக்கத்து மேசையில் வேலை செய்த மலாய் அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாரும் அவரைக் ‘காக்’ என்போம். எழுத்து தெரியாமல் பைகளைக் கவிழ்த்து வைத்து, எது ரொம்ப அழுக்கு என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

காக் ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிப் பார்த்தார். கிளீன்ரூம் முகமூடிகளை வெள்ளை என்று உடனே ஒதுக்கினார். மிச்சத்தில் ஐந்தைத் தனியாக எடுத்து வைத்து, “யாங் இனி பாலிங் தெருக்” என்றார். இதுதான் படுமோசம் என்று அர்த்தம். மஞ்சள் பூத்து, நடுவில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி. பைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தும் வீடு.

பைகளை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். மாறவில்லை. டேப் ஒட்டி, துண்டு வைத்து அடைத்த வீட்டுக்குள் எப்படி என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குழம்பினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆறு மணி. உள்ளே என் கணவர் தூபக்காலில் கரியை ஊதிக்கொண்டிருந்தார்.

தினமும் நடப்பதுதான். கரி கனிந்ததும் சாம்பிராணியை அள்ளிப் போடுவார். சாமி படத்துக்குக் காட்டிவிட்டு ஒவ்வோர் அறையாகப் போவார். கடைசியாக என்னிடம் வந்து, காத்துக் கருப்பு அண்டக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே என் வயிற்றைச் சுற்றி மூன்று முறை காட்டுவார். அது அணைந்ததும் கொசுவத்திச் சுருள், டெங்கி வந்துவிடக்கூடாதே என்று. ஒரு வாரமாக அந்தப் புகைக்கு நடுவில் முகமூடியோடு நின்றிருந்தேன், எனக்கு அது புகையாகவே படவில்லை. வெளியே இருப்பதைப் புகை என்று திட்டுகிறோம். உள்ளே “புகை போடுறேன்” என்று அதே சொல்லைத்தான் சொல்கிறோம். ஆனாலும் சாமிக்குக் காட்டுகிற புகை நம் மனக்கணக்கில் புகையாகச் சேர்வதில்லை. தூசியைத் தேடிப் பிடிப்பதே தொழிலாக இருந்த எனக்கே சேரவில்லை. போதாததற்கு, ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். போட்ட புகை வெளியே போக வழியே இல்லை.

அவசரப்பட்டுப் பேசக்கூடாது என்று இன்னொரு சோதனை வைத்தேன். அடுத்த வாரம் இரண்டு மாலைகள் அவர் கடையில் சரக்கை எண்ணி ஸ்டாக் எடுக்கப் போய் எட்டு மணிக்கு மேல்தான் வந்தார். சாம்பிராணி இல்லை, சுருள் இல்லை, அதே ஆறு முதல் எட்டு. இரண்டு முகமூடிகளும் ஏறக்குறைய வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து அவரைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரே குஷி. ஜெயித்துவிட்டேன் அல்லவா.

“இது பஸ்ஸு. இது பேக்டரி, பாத்தீங்களா எவ்வளோ வெள்ள? இது ஒங்க வீடு. நீங்க ஸ்டாக் எடுக்கப் போனீங்களே, அன்னிக்கு இதே வீடு இப்படி. என்னா வித்தியாசம், சொல்லுங்க பாப்போம்?”

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சள் முகமூடியை எடுத்து முகர்ந்தார். சாம்பிராணி வாசம் அதில் இன்னும் இருந்தது.

“நான் போட்டதா?”

“பின்ன? காத்துக் கருப்பு வெளிய இல்லைங்க. நீங்கதான் தெனமும் கரி ஊதி உள்ள கூட்டிட்டு வர்றீங்க.”

கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பார், இல்லையென்றால் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகமூடியைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மொதப் புள்ளைக்கும் தெனமும் போட்டனே. காலையில ஒரு வாட்டி, சாய்ங்காலம் ஒரு வாட்டி.”

இத்தனை பைகளில் இத்தனை நாட்களை எழுதினேனே, இந்த ஒரு கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளை ஏன் தங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது, அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. சாம்பிராணியால்தான் என்று எந்த முகமூடியும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. ஊரே என்மேல் பழி போட்டபோது போடாத மனிதர். அவர் கையில் போய் இதைக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

“அது வேறங்க. அப்ப டேப்பு எதுவும் ஒட்டல. ஜன்னல் தொறந்து இருந்துச்சு. போட்ட புகையெல்லாம் அப்பவே வெளிய போயிடுச்சு” என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து போய்த் தூபக்காலை எடுத்துப் பின்வாசலுக்கு வெளியே வைத்தார். அன்று மாலை சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றினார். என் வேலையைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மழை பிடித்து, ஜெரெபு கலைந்து, வானம் பழையபடி தெரியத் தொடங்கியபின் மகள் பிறந்தாள். பொது மருத்துவமனையில், பகல் நேரத்தில், ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. பார்வையாளர் நேரம் வந்ததும் என் கணவர் கடைச் சட்டையோடு ஓடி வந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. தொட்டிலின்மேல் குனிந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் ஜாடை என்று கேட்பார், என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

“அப்ப அந்த ரூம்ல ஜன்னல் தொறந்துதானே இருந்துச்சு?” என்றார்.

“தொறந்துதான் இருந்துச்சு.”

கடைமாடியில் பலகை வைத்துத் தடுத்த உள்ளறை அது. அதற்கு ஜன்னலே கிடையாது. ஒன்றரை வருடம் அவரும்தான் அதில் குடியிருந்தார்.