சட்டை போடும் பாஷை

என் அம்மாவுக்குச் சுவாஹிலி தெரியும் என்று கல்லூரி விடுதியில் சொன்னால் ஒருத்தியும் நம்புவதில்லை. தெரியும் என்பதும் முழு உண்மையில்லை. ஒரு குழந்தைக்குச் சட்டை மாட்டிவிடும் அளவுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதையும் அவள் எனக்காகக் கற்கவில்லை, என் சித்தப்பா மகளுக்காகக் கற்றாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பா தான்சானியாவில் ஒரு போர்வெல் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். இரண்டாவது பிரசவத்துக்கென்று ஊருக்கு வந்த சித்தி, வந்த வேகத்தில் தேனி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாலு வயது மகளைச் சின்னமனூரில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் குழந்தை என்றால் நான் ஒருத்திதான்.

அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவது குறைவு. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். உடை மாற்ற மட்டும் யாரையும் விடமாட்டாள். மாற்றுக் கவுனைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். விமானத்தில் போட்டு வந்த மஞ்சள் கவுன் அழுக்கேறி, பக்கத்தில் போனாலே வாடை அடித்தது. அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், மிட்டாய் காட்டினாள். கடைசியில் அலுத்துப்போய், துவைத்த கவுன் ஒன்றை நீட்டியபடி, "வா ஆத்தா, வா" என்றாள்.

உடனே அவள் வெளியே வந்தாள். கவுனை வாங்கி, மஞ்சள் கவுனுக்கு மேலேயே தலைவழியாக மாட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மா சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"மதினி, இந்த ஊர்ப் பாஷையில 'வா'ன்னா போட்டுக்கன்னு அர்த்தம். இங்கன பாப்பாவப் பாத்துக்கிறாகள்ல ஒரு அம்மா, அவுக அப்படிச் சொல்லித்தான் மாட்டிவிடுவாக."

"சரி, கழட்டச் சொல்றதுக்கு என்ன தம்பி?"

சித்தப்பாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை. மகளுக்கு அவர் ஒருநாளும் சட்டை மாட்டியதில்லை. "அவுககிட்டயே கேட்டு வாய்ஸ் அனுப்புறேன் மதினி" என்றார்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்தது. கனத்த, நிதானமான ஒரு பெண் குரல். பின்னால் எங்கோ சேவல் கூவியது. அந்த அம்மாள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, சித்தப்பா பக்கத்திலிருந்து தமிழில் சொன்னார். 'வுவா' என்றால் கழற்று. 'ம்கோனோ' என்றால் கை. காலில் போடுவது 'வியாத்து'. கவுனுக்குக் 'கவுனி', சட்டைக்கு 'ஷாட்டி', சாக்ஸுக்குச் 'சொக்சி'. எல்லாம் போட்டு முடித்ததும் 'தயாரி' என்று சொல்ல வேண்டும். கடைசியாக 'உமெபெண்டெஸா', அழகாயிருக்கே என்று அர்த்தம்.

"இதென்னங்க, நம்ம சொல்லு பின்னால ஒரு 'இ'யப் போட்டா அவுக சொல்லாயிருது!" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அன்றிலிருந்து அம்மா தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், முணுமுணுத்தாள். நான் செய்யுள் ஒப்பித்தால் புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிப் போகிறவள், ஒரு 'வியாத்து'வுக்காக இப்படி உருகினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

காலையில் தங்கச்சிக்கு நடக்கிற அலங்காரத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, 'ம்கோனோ' என்பாள். ஒரு குட்டிக் கை நீளும். மறுபடி 'ம்கோனோ'. இன்னொரு கை. கடைசியில் அவள் 'தயாரி!' என்று கத்துவாள், அம்மா கன்னத்தை வழிப்பாள். எனக்கோ, யூனிஃபார்மைக் கட்டிலில் வீசி, "ஏன்டி, இன்னும் பாவாடையோடவா நிக்கிற? பஸ்ஸு போயிரும்டி" என்று ஒரு சத்தம், சடை பின்னும்போது உச்சந்தலையில் ஒரு குட்டு.

எனக்கு அப்போதே ஒன்று பிடிபட்டது. அந்தப் பாஷையில் அம்மாவுக்குத் திட்டத் தெரியாது. அதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கையை நீட்டு, காலை விடு, அழகாயிருக்கே என்பவை மட்டும்தான். அம்மாவின் நல்ல குரல் முழுவதும் அங்கே போய்விட்டது. எனக்கு மிஞ்சியது தமிழ். கதவுக்குப் பின்னால் நின்று நானும் அத்தனை சொல்லையும் மனப்பாடம் செய்தேன். என்னைப் பார்த்து ஒரு தடவை 'ம்கோனோ' என்று சொல்ல மாட்டாளா என்று கையைக் கையை நீட்டிப் பார்த்தேன். "என்னடி, காசு வேணுமா?" என்றாள்.

உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம் வந்தது. தன் கையாலேயே எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்கும் தங்கச்சிதான் முதலில். அவள் தயாராகி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. நான் உள்பாவாடையோடு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கும் அப்படிச் சொல்லிப் போட்டுவிடு. அப்பத்தான் வருவேன்."

"எப்படி?"

"அவளுக்குச் சொல்றியே, அப்படி."

"எட்டு வயசுக் கழுதைக்கு வந்த ஆசையப் பாரு! அப்பா திட்டுறதுக்குள்ள மாட்டிக்கிட்டு வாடி" என்று சொல்லிவிட்டு, அம்மா பூ எடுக்கப் போய்விட்டாள்.

நான் அழுதேன். சத்தம் வெளியே கேட்கட்டும் என்றுதான் அழுதேன். கேட்டு வந்தவள் தங்கச்சி. என்னைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த பட்டுச் சட்டையைப் பார்த்தாள். அதை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, "வா" என்றாள்.

அம்மா வருவாள் என்று காத்திருந்தவளுக்கு இவளா? கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. "ம்கோனோ" என்றாள். அம்மா சொல்வது போல இல்லை அது. நாலு வயது உடம்பிலிருந்து கனத்த, நிதானமான குரல் ஒன்று வந்தது. என் கை தானாக நீண்டது. சட்டையின் பட்டன்களைக் கீழிருந்து தப்புத் தப்பாக மாட்டினாள். பாவாடையை என் தலைவழியாக இறக்கி, நாடாவை இழுத்து என்னவோ ஒரு முடிச்சுப் போட்டாள். "தயாரி" என்றாள். பிறகு என் கன்னம் இரண்டையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உமெபெண்டெஸா, ம்வானங்கு."

காரில் போகும்போது எனக்குள் கணக்குப் பார்த்தேன். சட்டை, கவுன், சாக்ஸ், செருப்பு, கை எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். இந்த ம்வானங்கு மட்டும் எதன்மேலும் பொருந்தவில்லை. ரிப்பனாக இருக்குமோ, கொலுசாக இருக்குமோ? பொறுக்க முடியாமல் அம்மாவிடமே கேட்டேன்.

அம்மா என் கோணல் பட்டன்களைக் கழற்றி மாட்டியபடியே யோசித்தாள். "தெரியலையேடி. அவுக எனக்கு அனுப்புனதுல அது இல்லையே."

தம்பி பிறந்து, மாதங்கள் கழித்துச் சித்தி தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு விமானமேறினார். சில வருடங்களுக்குப் பிறகு சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். "என் பிள்ளைன்னு அர்த்தம் ஆத்தா. பாப்பாவ அவுக அப்படித்தான் கூப்பிடுவாக" என்றார்.

கழற்றவும் மாட்டவும் அத்தனை சொல்லையும் கடல் தாண்டி என் அம்மாவுக்கு அனுப்பிக் கொடுத்த அந்த அம்மாள், அதை மட்டும் ஏன் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்பது, காரில் ரிப்பனைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று விளங்கவில்லை.